சாம்ப் ஃபெர்குசனைத் தூக்கிலிட்டது நியாயமா?

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, தெற்குத் தரப்புக் கெரில்லாத் தலைவர் சாம்ப் ஃபெர்குசனை இராணுவ ஆணையம் ஒன்று விசாரித்துத் தூக்கிலிட்டது. அவரைப் போர்வீரர் என்பதா, கொலைகாரர் என்பதா? வென்றவர்கள் தோற்றவரைப் பழிவாங்கியதுதானே அந்த விசாரணை?

பதில்:

இந்த வழக்கைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபெர்குசன் தண்டனைக்குரிய குற்றங்களைச் செய்தவர். அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. விசாரணையும் அந்தக் காலத்து அளவுகோலில் பார்த்தால் ஒப்புக்கு நடத்தப்பட்டதல்ல. ஆனால் அதே மலைப்பகுதியில் அதே வகைக் கொலைகளைச் செய்த எதிர்த்தரப்பு ஆட்கள் சாட்சிக் கூண்டில் நின்றார்களே தவிர, ஒருவர்கூடக் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. என் மனத்தை உறுத்துவது அதுதான். இனி விவரமாகச் சொல்கிறேன்.

இந்தக் கதையைப் புரிந்துகொள்ள அந்த நிலப்பகுதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கென்டக்கி மாநிலத்தின் தெற்கு எல்லையும் டென்னசி மாநிலத்தின் வடக்கு எல்லையும் சந்திக்கும் கம்பர்லண்ட் மலைநாடு அது. ஃபெர்குசன் 1821 நவம்பர் 29 அன்று கென்டக்கியின் கிளின்டன் மாவட்டத்தில் பிறந்தவர். கென்டக்கி வடக்குத் தரப்பான ஒன்றியத்திலேயே தங்கிவிட்டது. டென்னசி 1861 ஜூனில் பிரிந்து தெற்குக் கூட்டமைப்பில் சேர்ந்தது. ஆனால் மாநில எல்லைக்கோடு மனிதர்களைப் பிரித்த கோடாக இருக்கவில்லை. டென்னசியின் ஃபென்ட்ரஸ் மாவட்டத்தில் பெரும்பாலோர் வடக்கின் பக்கம் நின்றார்கள். ஃபெர்குசனின் சொந்தத் தம்பி ஜேம்ஸ் வடக்குப் படையில் சேர்ந்து, போரின் முதல் ஆண்டிலேயே இறந்துபோனார். ஒரே தேவாலயத்தில் கும்பிட்டவர்கள், ஒருவர் பிள்ளையை ஒருவர் தூக்கி வளர்த்தவர்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். படையணிகள் தொலைவில் மோதிக்கொண்டிருந்தன; இங்கே நடந்தது அடுத்தடுத்த பண்ணைகளுக்கு இடையிலான போர்.

ஃபெர்குசனுக்குப் போருக்கு முன்பே ஒரு கொலை வழக்கு இருந்தது. 1858இல் ஃபென்ட்ரஸ் மாவட்டத்தில் ஒரு வழிபாட்டுக் கூட்டத்தின்போது எழுந்த சண்டையில் ஜிம் ரீட் என்ற காவல் அலுவலரைக் கத்தியால் குத்திக் கொன்றிருந்தார். தெற்குப் படையில் சேர்ந்தால் அந்த வழக்கைக் கைவிட்டுவிடுவார்கள் என்று தமக்கு வாக்களிக்கப்பட்டதாகவும், அதனால்தான் ஆயுதம் எடுத்ததாகவும் பின்னாளில் சிறையிலிருந்து அவரே சொன்னார். கொள்கைக்காகப் போரிட்ட மாவீரர் என்று அவரைப் பாடுபவர்கள் இந்த வாக்குமூலத்தைக் கண்டும் காணாமல் கடந்துவிடுகிறார்கள்.

போரில் அவர் செய்த முதல் கொலையைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். 1861 நவம்பர் 1. வில்லியம் ஃப்ராக் என்பவர் வடக்குப் படையின் ஆள்சேர்ப்பு இடமான டிக் ராபின்சன் முகாமுக்குப் போய், மணல்வாரி அம்மை கண்டு வீடு திரும்பிப் படுக்கையில் கிடந்தார். அவர் மனைவி எஸ்தர் ஆன் ஃப்ராக் வாசலில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். ஃபெர்குசன் வந்தார். தெரிந்த மனிதர்தான். எஸ்தர் அவரை உட்காரச் சொன்னார். ஆப்பிள் எடுத்துக்கொள்ளச் சொன்னார். இப்போதுதான் தின்றுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஃபெர்குசன் உள்ளே போனார். படுத்திருந்தவரிடம் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். அம்மை என்றதும், டிக் ராபின்சன் முகாமில்தான் தொற்றியிருக்கும் என்றார். பிறகு சுட்டார். கட்டிலுக்குப் பக்கத்துத் தொட்டிலில் சில மாதக் குழந்தை கிடந்தது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழித்து, விசாரணை நடந்த டென்னசியின் நாஷ்வில் நகரில் சீருடை அணிந்த அதிகாரிகளின் முன்னால் அமர்ந்து எஸ்தர் இதைச் சொன்னார். ஆப்பிளைக்கூட விடாமல் சொன்னார்.

அடுத்த மாதம் ரூபன் வுட். வயதில் மூத்தவர்; ஃபெர்குசனைச் சிறுபிள்ளையாக இருந்தபோதே அறிந்தவர். தூக்கி வளர்த்த கை இது என்று வுட் கெஞ்சியதையும், நீ எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை, ஆனால் அந்த முகாமுக்குப் போய்வந்தாய், அதனால் கொல்கிறேன் என்ற பொருளில் ஃபெர்குசன் பதில் சொன்னதையும் வுட்டின் மகள் எலிசபெத் சாட்சியத்தில் சொன்னார். குண்டடி பட்ட வுட் வீட்டுக்குள் ஓடினார், கைக்கோடரியால் போராடினார், இரண்டு நாள் கழித்து இறந்தார். 1862 ஏப்ரலில் கொல்லப்பட்ட ஃபவுன்ட் சக்கரி பதினாறு வயதுப் பையன்.

இவையெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே ஃபெர்குசன் தெற்குப் படைக்குப் பயன்படும் ஆளாகவும் இருந்தார். புகழ்பெற்ற குதிரைப்படைத் தளபதி ஜான் ஹன்ட் மார்கன் 1862இல் அவரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டார். அந்த மலைப்பாதைகளை அவரைப்போல் அறிந்தவர்கள் குறைவு. ஒழுங்கான படை அவருடைய அறிவைப் பயன்படுத்திக்கொண்டது. அவர் செய்த மற்றவற்றைப் பெரும்பாலும் கேட்காமல் விட்டது. போர்களில் இது வழக்கமாக நடப்பதுதான். கெரில்லா ஒருவரின் குற்றத்தை எடைபோடும்போது, அவரை வேண்டும்போது அழைத்து வேண்டாதபோது கைகழுவிய சீருடைக்காரர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1864 அக்டோபர் 2 அன்று வர்ஜினியாவின் சால்ட்வில் உப்பளங்களுக்காகச் சண்டை நடந்தது. வடக்குப் படை பின்வாங்கியது. காயம்பட்டவர்களைக் களத்திலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அவர்களில் ஐந்தாவது கறுப்பினக் குதிரைப்படை வீரர்கள் பலர். மறுநாள் காலையில் தெற்குப் படையினர் சிலர் அந்தக் களத்தில் நடந்துபோய், காயத்தோடு கிடந்த கறுப்பின வீரர்களைச் சுட்டுக் கொன்றார்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் வரலாற்றாளர்களிடையே இன்றும் வாதம் ஓயவில்லை. கொலை நடந்தது என்பதில் வாதமில்லை. அந்தக் களத்தில் ஃபெர்குசனும் இருந்தார், சுட்டார் என்று நாஷ்வில்லில் சாட்சிகள் சொன்னார்கள்.

சில நாட்களில், அக்டோபர் 7 அன்று, அவர் எமரி அண்ட் ஹென்றி கல்லூரிக் கட்டடத்துக்குப் போனார். தெற்குப் படை அதை மருத்துவமனையாக்கியிருந்தது. லெப்டினன்ட் எல்சா ஸ்மித் என்ற வடக்குப் படை அதிகாரி காயத்தோடு அங்கே கைதியாக இருந்தார். ஃபெர்குசனின் மறைந்த முதல் மனைவிக்கு அவர் உறவினர். தம் தோழர் ஆலிவர் ஹாமில்டன் பிடிபட்ட பிறகு கொல்லப்பட்டதற்கு ஸ்மித்தே காரணம் என்று ஃபெர்குசன் நம்பியிருந்தார். பக்கத்தில் படுத்திருந்த ஒகையோக் குதிரைப்படை வீரர் ஆரஞ்ச் செல்ஸ் பிற்பாடு ஆணையத்தின் முன் நடந்ததை விவரித்தார். ஃபெர்குசன் கட்டிலருகே வந்து, இது தெரிகிறதா என்று துப்பாக்கியைக் காட்டினார். இங்கே வைத்துச் சுடாதே என்று ஸ்மித் மன்றாடினார். விசையை அழுத்தியும் துப்பாக்கி வெடிக்கவில்லை. மீண்டும் அழுத்தினார், வெடிக்கவில்லை. கடைசியில் வெடித்தது.

அடுத்து நடந்ததுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் உள்ள மிக வலுவான விடை. இந்தக் கொலைக்காக ஃபெர்குசனை முதலில் கைதுசெய்தது வடக்கு அல்ல, தெற்கு. அந்தப் பகுதியின் தெற்குத் தளபதி ஜான் பிரெக்கின்ரிட்ஜ் அவரைப் பிடிக்க ஆணையிட்டார். 1865 பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை வைத்வில் நகரில் தம் சொந்தத் தரப்பாரின் காவலில் ஃபெர்குசன் இருந்தார். தெற்கின் தலைநகரான ரிச்மண்ட் வீழ்ந்து எல்லாம் சிதறிக்கொண்டிருந்த வேளையில்தான் வெளியே விடப்பட்டார். அவர் எந்தப் படையின் பெயரால் போரிட்டதாகச் சொன்னாரோ அந்தப் படையே, மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த கைதியைக் கொன்றதைப் போர்ச்செயலாக ஏற்கவில்லை. வென்றவர்கள் தோற்றவருக்காகப் புதிதாக இட்டுக்கட்டிய குற்றம் அது என்று எப்படிச் சொல்வது?

போர் ஓய்ந்ததும் ஃபெர்குசன் டென்னசியின் வைட் மாவட்டத்தில், ஸ்பார்ட்டா ஊருக்கு வடக்கே கால்ஃப்கில்லர் ஆற்றோரம் இருந்த தம் பண்ணைக்குத் திரும்பினார். மே மாதத்தில் வடக்குத் தளபதி ஜார்ஜ் தாமஸ், அப்பகுதி ஆயுதக் குழுக்களும் தெற்கின் முதன்மைத் தளபதி ராபர்ட் லீயின் படைக்குக் கொடுக்கப்பட்ட அதே நிபந்தனைகளில் சரணடையலாம் என்று அறிவிக்கச் செய்தார். ஆனால் ஃபெர்குசன் உடனே வரவில்லை. அதன்பின் தளபதி லவல் ரூசோ அவரையும் அவர் கூட்டத்தாரையும் சட்டத்துக்குப் புறம்பானவர்கள் என்று பெயர் சொல்லி விலக்கினார். மே மாத இறுதியில் வீட்டில் வைத்துப் பிடிக்கப்பட்டார். தம்மையும் மற்றவர்களைப்போல் இனி ஆயுதம் எடுப்பதில்லை என்ற உறுதிமொழி வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள் என்றுதான் எதிர்பார்த்திருந்ததாகச் சிறையில் சொன்னார். வாதத்தின் பெரும்பகுதி பிற்பாடு இந்த ஒரே இடத்தைச் சுற்றியே சுழன்றது.

விசாரித்த அமைப்பு எது என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. அது படையினர் தம் சொந்த வீரர்களை விசாரிக்கும் இராணுவ நீதிமன்றம் அல்ல, இராணுவ ஆணையம். படையில் இல்லாதவர்களையும், எதிரித் தரப்பில் போர்விதியை மீறியவர்களையும் விசாரிக்க அந்தப் போரில் பெரிய அளவில் பயன்படுத்தப்பட்ட முறை. நீதிபதி கிடையாது; பொதுமக்களிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட நடுவர் குழுவும் கிடையாது. சில படை அதிகாரிகள் உட்கார்ந்து, சாட்சியம் கேட்டு, வாக்களிப்பார்கள். மரண தண்டனைக்கு மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்ப வேண்டும். இராணுவ வழக்குரைஞரே அரசுத் தரப்பில் வழக்கை நடத்துவார். அவரே ஆணையத்துக்குச் சட்ட ஆலோசகரும் ஆவார். குற்றம்சாட்டுபவரே சட்டமும் சொல்லிக்கொடுக்கும் இந்த ஏற்பாடு இன்றைய கண்ணுக்குக் கடுமையான குறை. அன்றும் குறைதான்.

தண்டனையை உறுதிசெய்வதிலும் கெரில்லாக்களுக்குத் தனி வழி இருந்தது. வழக்கமாக மரண தண்டனைகள் அதிபரின் மேசைவரை போக வேண்டும். 1864 ஜூலையில் நிறைவேறிய சட்டம், கெரில்லாக் கொள்ளையர் மீதான தண்டனைகளைக் களத்தில் உள்ள தளபதிகளே நிறைவேற்றலாம் என்றது. மன்னிப்புக் கேட்டு மேலே செல்லும் படிகளில் ஒன்றை எடுத்துவிட்டார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

ஆணையத்தின் தலைவர் மேஜர் காலின் ஃபோர்ட். அரசுத் தரப்பில் கேப்டன் பிளாக்மன். ஃபெர்குசனுக்காக வாதாடியவர்களில் முதன்மையானவர் டென்னசியில் பெயர்பெற்ற சட்ட வல்லுநர் ஜோ கான் கில்ட். 1865 ஜூலை 11 அன்று விசாரணை தொடங்கியது. குற்றச்சாட்டுகள் இரண்டு. முதலாவது, எந்தப் படையிலும் முறையாகச் சேராமல் கெரில்லாவாகச் செயல்பட்டது. இரண்டாவது, கொலை: 23 உட்பிரிவுகளில் மொத்தம் 53 பேர்.

கேப்டன் என்ற பதவி நியமனம் ஃபெர்குசனுக்கு உண்டு, ஆகவே அவர் போர்வீரர், ஆகவே சரணடைந்தோருக்கான வாக்குறுதி அவருக்கும் பொருந்தும் என்றார் கில்ட். இதை உறுதிப்படுத்தத் தெற்குக் குதிரைப்படைத் தளபதி ஜோசப் வீலரே நாஷ்வில் வந்தார். 1864 ஆகஸ்டு முதல் ஃபெர்குசன் தம் ஆணைக்குள் கேப்டனாகக் கருதப்பட்டார் என்று சாட்சி சொன்னார். அந்த வருகையின்போது தங்கும் விடுதியில் வைத்து வடக்குப் படை அதிகாரிகள் இருவர் வீலரைத் தடியால் அடித்தார்கள். பிரதிவாதித் தரப்புச் சாட்சி ஒருவருக்கு அந்த ஊரில் எத்தகைய பாதுகாப்பு இருந்தது என்பதற்கு இந்தச் சம்பவம் போதும். தளபதிக்கே இந்த நிலை என்றால், ஃபெர்குசனுக்காகப் பேச நினைத்த மலைநாட்டு விவசாயி எவ்வளவு அஞ்சியிருப்பார்? விசாரணையின் மீது விழுந்த கறையாகவே இதை நான் பார்க்கிறேன்.

சரி, அவர் போர்வீரரா இல்லையா? அந்தக் காலத்துச் சட்டநூல் ஒன்று கையில் இருக்கிறது. ஃபிரான்சிஸ் லீபர் என்ற பேராசிரியர் தொகுத்து, 1863 ஏப்ரல் 24 அன்று லிங்கன் அரசு நூறாம் எண் பொது ஆணையாக வெளியிட்ட போர்விதித் தொகுப்பு அது, 157 பிரிவுகள். அதன் 81ஆம் பிரிவு, சீருடை அணிந்து, முதன்மைப் படையிலிருந்து பிரிந்து செயல்படும் அணியினரைப் போர்வீரராக ஏற்கிறது; பிடிபட்டால் போர்க்கைதிக்குரிய உரிமைகள் உண்டு. 82ஆம் பிரிவு, பதவி நியமனம் இல்லாமல், ஒழுங்கான படையில் சேராமல், இடையிடையே வீடு திரும்பி அமைதியான குடிமகன்போல் இருந்துவிட்டு மீண்டும் தாக்கக் கிளம்புபவர்களை வழிப்பறிக் கொள்ளையரைப்போல் நடத்தச் சொல்கிறது. ஃபெர்குசன் இந்த இரண்டுக்கும் நடுவே நின்றவர். மார்கனோடும் வீலரோடும் போன நாட்களில் 81. கால்ஃப்கில்லர் பண்ணையிலிருந்து குதிரையேறிப் போன இரவுகளில் 82. நாஷ்வில்லில் இரண்டு தரப்பும் வாரக்கணக்கில் இழுபறி நடத்தியது இதற்காகத்தான்.

என்னைக் கேட்டால், அந்த இழுபறிக்கே தேவையில்லை. 71ஆம் பிரிவைப் படியுங்கள். முற்றிலும் செயலிழந்துவிட்ட எதிரிக்கு மேலும் காயம் விளைவிப்பவரோ அவரைக் கொல்பவரோ, முறையாக விசாரித்துக் குற்றம் நிறுவப்பட்டால், மரண தண்டனை பெறுவார் என்கிறது அது. 59ஆம் பிரிவு, போர்க்கைதியாகவே இருந்தாலும் பிடிபடும் முன் செய்த, தன் சொந்தத் தரப்பால் தண்டிக்கப்படாத குற்றங்களுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியவரே என்கிறது. ஃபெர்குசன் கேப்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீலர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்சா ஸ்மித்தின் கட்டிலருகே அது எதுவும் உதவாது. அம்மையில் கிடந்த ஃப்ராக்கின் கட்டிலருகேயும் உதவாது. படுக்கையில் கிடப்பவரைச் சுடும் உரிமையை எந்தப் படையின் எந்தப் பதவியும் கொடுப்பதில்லை.

அதே 71ஆம் பிரிவில் இன்னொரு சொற்றொடரும் இருக்கிறது. செய்தவர் அமெரிக்க ஒன்றியப் படையைச் சேர்ந்தவராக இருந்தாலும் சரி, பிடிபட்ட எதிரியாக இருந்தாலும் சரி என்று அது தெளிவாகச் சொல்கிறது. நாஷ்வில்லில் இந்தப் பாதியை யாரும் தொடவில்லை.

டிங்கர் டேவ் பீட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபென்ட்ரஸ் மாவட்டத்தில் வடக்கு ஆதரவுக் கெரில்லாக் குழுவின் தலைவர். ஃபெர்குசனின் பரம எதிரி. சீருடை, சம்பளப் பட்டியல், ஒழுங்கான படைக்கட்டமைப்பு என எதுவும் இல்லாமல், ஊர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு போர்முழுதும் சண்டையிட்டவர். 82ஆம் பிரிவின் வரையறையை அவர்மேல் வைத்துப் பாருங்கள். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். அவர் நாஷ்வில் வந்து அரசுத் தரப்புச் சாட்சியாக உட்கார்ந்தார். நாங்கள் அவர்களைத் தேடினோம், அவர்கள் எங்களைத் தேடினார்கள் என்ற வகையில் ஒளிவுமறைவின்றியே சொன்னார். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். 1876இல் இறந்தார், எந்த ஆணையமும் அவரை அழைக்கவில்லை.

ஃபெர்குசனே பீட்டியைப் பற்றிச் சிறையில் மரியாதையோடுதான் பேசினார். அவரைவிடக் கெட்டவர்கள் உண்டு, துணிவாகச் சண்டையிட்டார், நானும் பட்டேன், திருப்பியும் கொடுத்தேன் என்றார். ஒருவரையொருவர் கொல்ல நான்கு ஆண்டுகள் அலைந்த இருவரில் ஒருவர் சாட்சி, ஒருவர் குற்றவாளி. அந்த வேறுபாட்டை முடிவுசெய்தது சட்டப்பிரிவு அல்ல, போரின் முடிவு. பழிவாங்கல் என்ற உங்கள் சொல்லில் ஏதேனும் உண்மை இருந்தால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஃபெர்குசனை விட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பீட்டியின் குழு செய்தவற்றையும் யாரேனும் எழுதிவைத்துக் கேட்டிருக்க வேண்டும். அந்தக் குழுவால் கணவனை இழந்த பெண்களும் அதே மலையில் இருந்தார்கள். அவர்களுக்கு நாஷ்வில்லில் நாற்காலி போடப்படவில்லை.

சால்ட்வில் விஷயமும் அப்படியே. கறுப்பின வீரர்களைக் கொன்றதற்காகப் படைத்தலைவர் எவரும் கூண்டில் ஏறவில்லை. அந்தக் களத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட தளபதி ஃபெலிக்ஸ் ராபர்ட்சன் விசாரணையைச் சந்திக்காமலே நீண்ட வாழ்க்கை வாழ்ந்தார். பதவியில் உயர்ந்தவர்கள் நழுவிவிட்டார்கள். எழுத்தறிவு குறைந்த மலைநாட்டுக் குதிரைக்காரர் அகப்பட்டார்.

இனி, படையினர் அவரை விசாரித்ததே சட்டப்படி சரியா என்பது. மில்லிகன் வழக்கைக் காட்டிப் பலர் தவறு என்று அடித்துச் சொல்கிறார்கள். லாம்ப்டின் மில்லிகன் இண்டியானா மாநிலத்துக் குடிமகன். 1864இல் இராணுவ ஆணையம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. குடிமை நீதிமன்றங்கள் திறந்து இயங்கும் இடத்தில் குடிமகனைப் படையினர் விசாரிக்கக் கூடாது என்று 1866இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து அவரை விடுவித்தது. அருமையான தீர்ப்பு, மனித உரிமையில் அக்கறை உள்ள எவரும் அதைப் போற்ற வேண்டும். ஆனால் அதை அப்படியே ஃபெர்குசனுக்குப் பொருத்த முடியாது. இண்டியானா ஒரு நாளும் பிரியவில்லை; அங்கே நீதிமன்றங்கள் ஒரு நாளும் மூடவில்லை. டென்னசியோ பிரிந்துபோய், படையால் மீட்கப்பட்டு, 1866 ஜூலையில்தான் மீண்டும் ஒன்றியத்தில் முறையாகச் சேர்க்கப்பட்டது. கிளர்ச்சி முடிந்தது என்று அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அறிவித்ததே 1866 ஏப்ரலில். சட்டத்தின் கண்ணில் 1865 கோடையில் போர் இன்னும் முடிந்திருக்கவில்லை. போருக்குப் பின் நடந்த விசாரணை என்று நாம் பேச்சுவழக்கில் சொல்கிறோம். ஆணையம் தன்னைப் போர்க்காலத்தில் இருப்பதாகவே கருதியது.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. ஆணையம் வேண்டாம், உள்ளூர் நீதிமன்றத்தில் நடுவர் குழுவின் முன் நிறுத்தியிருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். எந்த மாவட்டத்தில்? கிளின்டனிலோ ஃபென்ட்ரஸிலோ பன்னிரண்டு பேரைத் திரட்டினால், அவரால் உறவினரை இழந்தவர் சிலராவது அதில் இருப்பார்கள். வைட் மாவட்டத்தில் திரட்டினால் அவரோடு குதிரையேறியவர்கள் இருப்பார்கள். தலைவிதி தீர்மானிக்கப்படும் இடத்தைப் பொறுத்தே தீர்ப்பும் இருந்திருக்கும். குறைகள் எல்லாம் இருந்தும், வெளியூர் அதிகாரிகள் உட்கார்ந்து வாரக்கணக்கில் சாட்சியம் கேட்டது அதைவிட மேல் என்றே நினைக்கிறேன்.

வாரக்கணக்கில் என்று நான் சொல்வதன் பொருளை இன்னொரு வழக்கோடு ஒப்பிட்டால்தான் உணர முடியும். சூ மண்டி என்ற புனைபெயரால் அறியப்பட்ட மார்செல்லஸ் ஜெரோம் கிளார்க் என்ற தெற்குக் கெரில்லா 1865 மார்ச் 12 அன்று பிடிபட்டார். 14 அன்று லூயிவில் நகரில் சில மணி நேர விசாரணை. 15 அன்று தூக்கு. வயது இருபது. அதற்குப் பெயர்தான் ஒப்புக்கு நடந்த விசாரணை. ஃபெர்குசனின் வழக்கு கோடை முழுவதும் ஓடியது. வழக்கறிஞர்கள் குறுக்கு விசாரணை செய்தார்கள். எதிரித் தளபதி வந்து சாட்சி சொன்னார். இன்னொரு கோடியில் ஜான் மாஸ்பியைப் பாருங்கள். அவரும் தெற்குக் கெரில்லாத் தலைவர்தான். வடக்குப் படையை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தவர். ஆனால் தெற்கு அரசின் சிறப்புச் சட்டத்தின்கீழ் முறையாக அமைந்த அணி அவருடையது. உறுதிமொழி கொடுத்து வீடு திரும்பினார். பிற்காலத்தில் ஹாங்காங்கில் அமெரிக்கத் தூதரகப் பொறுப்பும் வகித்தார். கெரில்லா என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை விதமான முடிவுகள் அடங்கியிருக்கின்றன.

போகிற போக்கில் ஒரு திருத்தம். உள்நாட்டுப் போருக்குப் பின் போர்க்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர் ஆண்டர்சன்வில் சிறைமுகாம் தலைவர் ஹென்றி விர்ஸ் ஒருவர்தான் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். தவறு. விர்ஸ் தூக்கிலிடப்பட்டது 1865 நவம்பர் 10. அதற்கு மூன்று வாரம் முன்பே ஃபெர்குசனின் கதை முடிந்துவிட்டது.

அக்டோபர் 10 அன்று தீர்ப்பு வாசிக்கப்பட்டது: குற்றவாளி, தூக்கு. செய்தியாளர்கள் சிறையில் அவரைச் சந்தித்தார்கள். பல கொலைகளை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். சிலவற்றைத் தாம் செய்யவில்லை என்றார். தம் உயிரைத் தேடியவர்களைத்தான் கொன்றதாகச் சொன்னார். தம் ஆட்கள் எவர் அகப்பட்டாலும் எதிரிகள் உயிரோடு விட்டதில்லை, தம்மையும் கைதியாக ஏற்க மாட்டார்கள் என்று தெரிந்திருந்ததால்தான் அத்தனை பேரைக் கொல்ல நேர்ந்தது என்றார். இந்தக் கடைசி வாதத்தை நான் எளிதாக ஒதுக்குவதில்லை. கைதிக்கு உயிர்ப்பிச்சை இல்லை என்றாகிவிட்ட போரில் யாரும் சரணடைவதில்லை. இரண்டு பக்கமும் கொலை பெருகிக்கொண்டேதான் போகும். ஆனால் 1861 நவம்பரில், யாரும் யாரையும் அந்த அளவுக்கு வேட்டையாடத் தொடங்காத நாளில், அம்மையில் கிடந்த மனிதரிடம் அவர் போனதை இந்த வாதம் விளக்கவில்லை.

வடக்குப் படையினர் அவர் மனைவியையும் மகளையும் இழிவுபடுத்தியதால் பழிவாங்கக் கிளம்பினார் என்ற கதை இன்றும் உலவுகிறது. தம் வாயாலேயே ஃபெர்குசன் அதை மறுத்திருக்கிறார். அவருடைய வன்முறைக்கு நாமாகக் காரணம் தேடித்தர வேண்டாம்.

1865 அக்டோபர் 20 அன்று நாஷ்வில் சிறை வளாகத்தில் தூக்குமேடை. சுற்றிலும் காவலுக்கு நிறுத்தப்பட்டிருந்தவர்கள் கறுப்பினப் படையணி வீரர்கள். சால்ட்வில் களத்தை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். கர்னல் வில்லியம் ஷாஃப்டர் குற்றச்சாட்டுகளையும் தீர்ப்பையும் நீண்ட நேரம் வாசித்தார். கழுத்தில் கயிறு காத்திருக்க, ஃபெர்குசன் ஒவ்வொன்றாகக் கேட்டு, சிலவற்றுக்கு ஆமென்று தலையசைத்தார், சிலவற்றுக்கு இல்லையென்று அசைத்தார். தம் உடலை இந்த மண்ணில் புதைக்க வேண்டாம், வைட் மாவட்டத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

அவர் சாகவில்லை, காவலர்களே கயிற்றைத் தளர்த்தி விட்டுவிட்டார்கள், மேற்கே போய் வேறு பெயரில் வாழ்ந்தார் என்று மலைநாட்டில் ஒரு கதை வெகுகாலம் சொல்லப்பட்டது. நம்ப வேண்டாம். மனைவி மார்த்தாவும் பதினாறு வயது மகள் ஆனும் நாஷ்வில்லுக்கு வந்திருந்தார்கள். சவப்பெட்டியை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். இருவரும் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு கால்ஃப்கில்லர் ஆற்றோரம் கொண்டுபோய், ஸ்பார்ட்டாவுக்கு வடக்கே பிரான்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.